நிற்கக் கற்றுக்கொள்

அன்புத் தங்கைக்கு,

கால வரம்புக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணமான பிரெவேக்குப் பெயர் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஜனவரி மாதம், கிழக்குக் கடற்கரைச் சாலை, மரக்காணம் வரை போய்த் திரும்பும் பாதை; முதல் முறைக்கு இதைவிட நல்ல தடம் அமையாது. கடிதத்தில் நீ கேட்டவை பெரும்பாலும் வேகம் பற்றியவை. சராசரி எவ்வளவு இருக்க வேண்டும், சக்கரத்தை மாற்றினால் எவ்வளவு கூடும், முன்னால் போகும் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ள எத்தனை வாரப் பயிற்சி போதும். இவற்றுக்கு உன் குழுவில் யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். அவர்கள் அதிகம் பேசாத ஒன்றைப் பற்றி நான் எழுதுகிறேன்: நிற்பது. எங்கே நிற்பது, எதற்காக, எவ்வளவு நேரம், எப்போது எழுந்து கிளம்புவது. நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவதில் தேர்ச்சி என்று ஒன்று உண்டென்றால் அதில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான நம்பிக்கை.

முதலில் கணக்கைப் பார். 200 கிலோமீட்டருக்கு உனக்குக் கிடைப்பது பதின்மூன்றரை மணி நேரம். சமதளச் சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம். அப்படிப் போனால் மிதிக்கும் நேரம் 10 மணி. மூன்றரை மணி மிச்சம். வேகத்தை 22 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய 55 நிமிடம்தான். அதற்கு நீ கொடுக்கும் விலை பெரிது. காற்றை எதிர்த்துப் போகத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. மணிக்கு இரண்டே கிலோமீட்டர் கூட்டுவதற்கு, காற்றுக்காக மட்டும் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக உழைக்க வேண்டும். அதுவும் ஒன்பது மணி நேரம் தொடர்ந்து. இப்படி உடம்பைப் பிழிந்து சேர்த்த 55 நிமிடத்தை ஒரு கண்டிப்பில்லாத காலை டிபன் விழுங்கிவிடும்.

வழியில் ஓட்டுகிறவர்களின் வருகையைச் சரிபார்க்கும் இடமான கன்ட்ரோலில் மேசை போட்டு உட்கார்ந்து, அவர்கள் அட்டையில் நேரம் குறித்து முத்திரை வைக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஓட்டுகிறவர்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டது சாலையில் இருந்ததைவிட அந்த மேசையில் அதிகம். வந்ததும் நாற்காலியில் சாய்ந்து, போனை எடுத்து, ஷூவைக் கழற்றி, அதற்கப்புறம்தான் அட்டையைத் தேடுகிறவர்கள் உண்டு. எழுந்திருக்கும்போது முழங்கால் இறுகியிருக்கும். குடிநீர் பாட்டில் இன்னும் காலியாகவே இருக்கும். வேறு சிலர் அட்டையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வருவார்கள். முத்திரை, தண்ணீர், கழிப்பறை, வாயில் ஒரு கவளம், கிளம்பு. அவர்கள் அவசரப்படுவதாக நினைக்காதே. என்னோடு நாலு வார்த்தை பேச அவர்களுக்குத்தான் நேரம் இருக்கும். செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டு நில் என்பதுதான் நான் சொல்வது. எல்லா கன்ட்ரோலிலும் ஆள் இருக்க மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள். சில இடங்களில் கடை ரசீதோ ஏடிஎம் சீட்டோதான் நீ வந்ததற்குச் சான்று. அதை ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வை. 100 கிலோமீட்டரில் உள்ள கன்ட்ரோல் 6 மணி 40 நிமிடத்தில் மூடும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பகல் 12.40. அட்டையில் மூடும் நேரம் அச்சாகியிருக்கும். முந்தின இரவே அதை ஒருமுறை படித்துவிடு.

இந்த விளையாட்டின் பிறப்பிலேயே நிற்பது பற்றிய ஒரு தகராறு இருக்கிறது. 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் ஏறக்குறைய 1200 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. ஜியெல்-லவால் என்பவர் முன்னணியில் இருந்தார். மூன்றாம் இரவில் அவர் தூங்க ஒதுங்க, தூங்காமல் வந்த சார்ல் தெரோன் அவரைக் கடந்துபோய், 71 மணி நேரம் சொச்சத்தில் வென்றார். பந்தயத்தில் நிற்பவர் தோற்பார். பிறகு 1904இல் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிஸியன் நடத்திய பயணங்கள் வேறு மாதிரி: எல்லோரும் ஒரே கூட்டமாக, ஒரே வேகத்தில், ஒரு தலைவரின் பின்னால். அவர் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும், கிளம்பச் சொன்னதும் கிளம்ப வேண்டும். 1921இல்தான் அந்தக் கிளப் தன் வழியை மாற்றியது. கால வரம்புக்குள் அவரவர் வேகம், அவரவர் ஓய்வு. இன்று நம் ஊரில் நீ ஓட்டப்போவது அந்த முறையின் கீழ்தான். உன் பிரெவேக்கு அங்கீகார எண் வருவதும் அதே பாரிஸ் கிளப்பிலிருந்துதான். முடித்தவர்களுக்குள் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. நிற்கும் உரிமையை உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதை முன்னால் போகும் ஏதோ ஒரு கூட்டத்திடம் நீ ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்? அவர்கள் சக்கரத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு முதல் 60 கிலோமீட்டரை மணிக்கு 28 கிலோமீட்டரில் ஓட்டிவிட்டு, மதியம் நிழல் தேடிப் படுத்துக்கிடக்கும் புதியவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன்.

ஜனவரியில் காற்றும் இதே தூண்டிலைப் போடும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். காலையில் தெற்கே போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் வந்ததே தெரியாது. இன்று கால் நன்றாக ஓடுகிறது என்று தோன்றும். அது உன் கால் இல்லை, காற்று. மரக்காணத்தில் திரும்பியதும் அதே காற்று முகத்துக்கு வரும். உப்பளத்துப் பக்கம் மறைக்க ஒரு மரம் இருக்காது. பகல் ஏற ஏறக் கடற்காற்றும் சேரும். ஆகவே போகும்போது மிச்சமாகும் நேரத்தைச் செலவழிக்காதே. திரும்பும் வழியில் மணிக்கு 16 போனாலும் போதும் என்கிற நிலையை அது உனக்கு வாங்கித் தரும். எதிர்காற்றில் கியரை இறக்கி, கைகளை மடக்கித் தாழ்ந்து, நிமிடத்துக்கு எண்பது சுற்றுக்குக் குறையாமல் மிதி. சைக்கிள் கணினியின் திரையில் வேகத்தைப் பார்க்காதே.

சாப்பாட்டுக்கு நிற்காமல் சாப்பிடப் பழகு. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2000 கலோரிதான். இந்தத் தூரத்துக்கு அது காணாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், பசி எடுப்பதற்கு முன்பே. ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலை மிட்டாயும் என்றால் முப்பதைத் தாண்டிவிடும். ஹேண்டில் பையில் பேரீச்சம்பழம் வை. உட்கார்ந்து சாப்பிடுவது ஒரே ஒரு முறை, திரும்பும் இடத்தில். இட்லியோ தயிர்சாதமோ, அரை வயிறு. நெய் மிதக்கும் பொங்கல் வேண்டாம், அது உன்னைத் தூங்க வைக்கும்.

தண்ணீர் பற்றி உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆண்கள் எழுதும் குறிப்புகளில் இது வராது. வழியில் கழிப்பறை கிடைக்காது என்ற பயத்தில் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து நமக்குப் பழக்கப்பட்ட வழி அது. நாள் முழுக்க வெயிலில் ஓட்டும்போது அது ஆபத்து. தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, அப்புறம் நீர்க்கடுப்பு என்று இரண்டு நாள் கழித்தும் தொடரும். ஆகவே பயிற்சி நாட்களிலேயே உன் பாதையில் எந்தெந்த பெட்ரோல் பங்கில், எந்த ஓட்டலில் கழிப்பறை திறந்திருக்கிறது, சுத்தமாக இருக்கிறது என்று குறித்து வை. 40 கிலோமீட்டருக்கு ஒன்று போதும். அந்த நிறுத்தங்கள் உன் திட்டத்தின் பகுதி. அதற்காக யாரிடமும் கூச்சப்படவோ கூட்டத்தை விட்டுவிடுவோமோ என்று தவிக்கவோ வேண்டாம். மாதவிடாய் நாளாக இருந்தால் ஓட்டுவதும் ஓட்டாததும் உன் இஷ்டம்; ஓட்டினால் மாற்றுவதற்கானதைக் கூடுதலாகவே எடுத்து வை. பேடிங் வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே வேறு உள்ளாடை அணியாதே, தையல் உரசிப் புண்ணாகும். உரசும் இடத்தில் முதலிலேயே வாசலின் தடவு.

வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் தவறு. வியர்வையில் தண்ணீரோடு சோடியமும் போகிறது. அதை ஈடு செய்யாமல் தண்ணீர் மட்டும் ஊற்றினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். விரல் வீங்கி மோதிரம் இறுகும், தலை கனக்கும். இளநீர் அருமையானது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. உப்புப் போட்ட மோர், உப்புப் போட்ட எலுமிச்சை சோடா, இல்லையென்றால் ஓஆர்எஸ் பொட்டலம். மூன்றில் எது கிடைக்கிறதோ அது.

பஞ்சர் ஆனால் சாலையை விட்டு முழுக்க இறங்கு. வெள்ளைக்கோட்டில் உட்கார்ந்து டயரைக் கழற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நிழலுக்குப் போ. பின்சக்கரமென்றால் முதலில் கியரை ஆகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டு வா. டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பார். நம் சாலைகளில் இரண்டு எதிரிகள்: சீமைக்கருவேல முள், அதன் நுனி உள்ளேயே ஒடிந்து தங்கும், இன்னொன்று, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய எஃகுக் கம்பி, அது கண்ணுக்கே தெரியாது. அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி இறங்குவாய். உதிரி டியூப் இரண்டு, பம்ப், டயர் லீவர், செயினுக்கு ஓர் இணைப்புக் கண்ணி. வீட்டு வாசலில் யாரும் உதவாமல் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும். இது கட்டளை.

வலி வந்தால் அதற்கும் நில். முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கும். பின்புறம் வலித்தால் உயர்ந்திருக்கும். அரை சென்டிமீட்டர் திருத்தினால் மீதி நூறு கிலோமீட்டர் காப்பாற்றப்படும். சுண்டுவிரல் மரத்துப்போனால் கைப்பிடியை மாற்றிப் பிடி, நரம்பு அழுந்துகிறது. அடுத்தது இருட்டு. காலை ஆறு மணி இருட்டில் கிளம்புகிறாய்; மாலை ஆறுக்கே சூரியன் மறைந்துவிடும் மாதம் இது. கடைசி நேரமான 7.30 வரை ஓட்டினால் ஒன்றரை மணி நேரம் இருட்டில் போக வேண்டும். முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிரும் மேலங்கி மூன்றும் விதிப்படியும் கட்டாயம், உயிருக்கும் கட்டாயம். பின்னாளில் 300, 400, 600 என்று போனால் தூக்கம் வரும். அப்போது நிற்பது பற்றி வேறு கடிதம் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வை: கண் சொருகிய பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது, பேருந்து நிழற்குடையில் இருபது நிமிடம் படுத்து எழுந்தால் பொழுதே மாறும்.

கடைசி வகை நிற்றல், பாதியில் விட்டுவிடுவது. நெஞ்சு வலி, தலைசுற்றல், தெளிவாக யோசிக்க முடியாத குழப்பம், வியர்வை நின்றுபோவது, தொடர் வாந்தி, பிரேக் போய்விடுவது: இவற்றில் எதுவாக இருந்தாலும் அங்கேயே முடித்துவிடு. அலுப்பும் அழுகையும் இந்தப் பட்டியலில் இல்லை. 130ஆவது கிலோமீட்டரில் வரும் வெறுப்பு பெரும்பாலும் வயிறு காலியானதன் குரல். ஏதாவது தின்றுவிட்டு இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்து, அதன்பின் முடிவெடு. விட்டுவிட்டால் நடத்துபவர்களுக்கு உடனே போன் செய். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்ட ஒருவருக்காக இரவில் டார்ச்சோடு சாலையோரம் தேடியிருக்கிறோம்.

உன் அப்பா காரில் பின்னாலேயே வருவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். கூடாது. கன்ட்ரோலில் மட்டும் உதவி வாங்கலாம். வழியில் வண்டி கூட வந்தால் உன் பிரெவே செல்லாது. அதோடு, பின்னால் ஒரு கார் ஊர்ந்து வருவது உனக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து. அவர் பயம் நியாயமானது, அதைச் சிரித்துத் தள்ளாதே. மரக்காணம் கன்ட்ரோலுக்கு அவரை வரச் சொல். நான் அங்கேதான் மூடும் நேரம் வரை இருப்பேன். தண்ணீர் கேன் தூக்கவும் அட்டை சரிபார்க்கவும் எனக்கு ஆள் தேவை. அவர் எண்ணை அனுப்பு, நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா