அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கங்கள்

(படிப்பு வட்டங்களுக்குரிய மாதப் பாடம்)

நெசவுக் கூலியைச் சங்கத்தின் மேஜையில் எண்ணி வாங்கி, மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்பிய காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. இன்று கூலியும், நெல் விலையும், பால் பணமும் பாங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. அக்கணக்கைத் திறக்கும் சாதனமாக அங்கத்தினர் கையில் இருப்பது ஒரு சிறு பிளாஸ்டிக் அட்டை. மடியில் முடிந்த பணத்தைக் காப்பது எவ்வாறு என்பதைப் பெரியோர் நமக்குக் கற்பித்தனர். அட்டையைக் காப்பது எவ்வாறு என்பதை நாமே கற்றாக வேண்டும். ஆதலின் இம்மாதப் பாடத்திற்கு அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்கங்களை எடுத்துக்கொள்கிறோம். இவற்றைச் சி.வி.வி. எண் என்பர்.

1. முன்புறத்து எண்

பின்புறத்து எண்ணின் தன்மை விளங்க வேண்டுமானால், முதலில் முன்புறத்து எண்ணை அறிதல் அவசியம். நம்மிடமுள்ள பெரும்பாலான அட்டைகளில் இது 16 இலக்கங்கள் கொண்டது. தொடக்கத்திலுள்ள இலக்கங்கள் அட்டையை வழங்கிய பாங்கியைக் குறிக்கும்; அடுத்து வருபவை அந்தக் குறிப்பிட்ட அட்டைக்கு உரியவை. கடைசி இலக்கம் மட்டும் கணக்குச் சரிபார்ப்பதற்காக வைக்கப்பட்டது.

இச்சரிபார்ப்பு முறையை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன். 1954-இல் விண்ணப்பித்து 1960-இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். முறை எளிது. உதாரணமாக 4531624 என்னும் ஏழு இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். வலக்கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக 4, 6, 3, 4 ஆகியவற்றை இரட்டிக்க வேண்டும். 8, 12, 6, 8 கிடைக்கும். 12 ஈரிலக்க எண்ணாதலால் 1-ஐயும் 2-ஐயும் கூட்டி 3 எனக் கொள்க. இவற்றின் கூட்டுத்தொகை 25. இரட்டிக்காத 2, 1, 5 ஆகியவற்றின் தொகை 8. ஆக மொத்தம் 33. அடுத்த முழுப் பத்தாகிய 40-க்கு 7 குறைகிறது. அந்த 7-தான் சரிபார்ப்பு இலக்கம்.

எண்ணைப் பதியும்போது ஓர் இலக்கம் தவறினாலும் இக்கணக்கு உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் திருடனை இது தடுக்காது. காகிதமும் பென்சிலும் உள்ள எவரும் இக்கணக்கைப் போட்டுவிடலாம் அல்லவா?

2. பின்புறத்து எண்

பின்புறத்து எண்ணை அவ்வாறு எவரும் கணக்கிட இயலாது. அட்டை எண்ணையும், அது காலாவதியாகும் மாதத்தையும் வருடத்தையும் எடுத்து, பாங்கி தன்னிடம் மட்டுமே வைத்திருக்கும் இரகசியச் சாவிகளைக் கொண்டு மாற்றி, இம்மூன்று இலக்கங்களைப் பெறுகிறது. சாவி இல்லாதவருக்குக் கணக்கு வராது. அட்டை எண்ணைச் சங்கத்தின் அங்கத்தினர் எண்ணுக்கு ஒப்பிட்டால், இம்மூன்று இலக்கங்களை இரசீதில் காரியதரிசி இடும் கையொப்பத்திற்கு ஒப்பிடலாம்.

இதற்குத் தேவை ஏற்பட்டது ஏன்? தொலைபேசியிலும் தபாலிலும் பிறகு இணையத்திலும் பொருள் விற்கத் தொடங்கிய வணிகர், வாங்குவோரின் அட்டையைக் கண்ணால் பார்க்க இயலவில்லை. வேறொருவருடைய அட்டை எண்ணைத் தெரிந்துகொண்டவன் அதைக் கூறியே பொருள் பெற்றுவிடலாம் என்ற நிலை இருந்தது. அட்டை தன் கையிலேயே இருக்கிறது என்பதை வாங்குபவர் மெய்ப்பிக்க ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. மாஸ்டர்கார்டு 1997-இல் இவ்வெண்ணை அச்சிடத் தொடங்கியது. அமெரிக்காவில் விசா 2001-க்குள் அதைப் பின்பற்றியது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையில் மட்டும் இது நான்கு இலக்கங்களாக முன்புறத்தில் இருக்கும்.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. அட்டையின் கரிய காந்தப் பட்டையிலும் சிப்பிலும் பதிந்துள்ள சரிபார்ப்பு எண்கள் வேறு. அச்சிட்ட எண் வேறு. ஆகவே பட்டையைக் கள்ளத்தனமாகப் பிரதி எடுத்தவனுக்கு அச்சிட்ட எண் கிட்டாது. பணம் செலுத்துவதற்கு அனுமதி கிடைத்த பிறகு வணிகர் அவ்வெண்ணைச் சேமித்து வைக்கலாகாது என்பதும் அட்டைத் தொழிலின் பொது விதி. அந்த எண் இருக்க வேண்டிய இடம் அட்டை ஒன்றே. அதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதினாலும், இரு பக்கங்களையும் படம் பிடித்து அனுப்பினாலும், அட்டை நம் கையில் இருப்பதற்கு அது சான்றாகாது.

3. இரண்டாவது பூட்டு

000 முதல் 999 வரை எண்ணினால் ஆயிரமே வரும். எனவே மூன்று இலக்கங்கள் தனித்து நின்று காக்கப் போதா. இதனை உணர்ந்த ரிசர்வ் பாங்கி, 2009 ஆகஸ்டு 1 முதல் இணையவழி அட்டைச் செலவுகளுக்கு, அட்டையில் காணப்படாத மற்றுமொரு சான்றும் வேண்டுமென விதித்தது. நம் கைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணாகிய ஓ.டி.பி. அவ்வாறு வந்ததே. வெளிநாட்டு வணிகரை அந்த விதி கட்டவில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

இரண்டு பூட்டுகளுக்கும் சாவி ஒருவரிடமே உண்டு. அவர் அட்டைக்கு உரியவர். அதனால்தான் மோசடிக்காரன் பாங்கியை விட்டுவிட்டு நம்மைத் தேடி வருகிறான். “பாங்கியிலிருந்து பேசுகிறேன், இன்று மாலைக்குள் உங்கள் அட்டை முடங்கிவிடும்” என்கிறான். மறுநாள் பாவு வாங்கவோ உரம் வாங்கவோ பணம் எடுக்க வேண்டிய அங்கத்தினர் பதறுகிறார். அட்டை எண்ணைக் கேட்கிறான். பின்புறத்து எண்ணைக் கேட்கிறான். இறுதியில் கைபேசிக்கு வந்த எண்ணைக் கேட்கிறான். மூன்றையும் சொல்லி முடிக்கும்போது கணக்கில் இருந்த பணம் போய்விடுகிறது. ஏமாந்தவரை அறிவிலி என்று எள்ளுதல் தகாது. அவசரமும் அச்சமும் படித்தவரையும் வீழ்த்தும். எள்ளலுக்கு அஞ்சி ஏமாந்தவர் வாய் மூடியிருந்தால் நஷ்டம் பெருகவே செய்யும்.

4. விதி சொல்வது

வாய் மூடியிருத்தல் ஏன் தீது என்பதை ரிசர்வ் பாங்கி 2017-இல் வகுத்த ஏற்பாட்டால் அறியலாம். கூட்டுறவு பாங்கிகளுக்கும் அதே வருடம் டிசம்பரில் அது விதிக்கப்பட்டது. அதன்படி, தவறு பாங்கியினிடத்தும் இல்லாமல் வாடிக்கையாளரிடத்தும் இல்லாமல் பணம் போயிருந்தால், செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பு ஏதுமில்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அவர் ஏற்க வேண்டிய நஷ்டம் 10,000 ரூபாய்க்கு மேற்படாது. அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய்க்கு மேற்படாது. ஆனால் இரகசிய எண்களை அவரே பிறரிடம் கூறியிருந்தால், பாங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட நஷ்டம் முழுதும் அவரைச் சார்ந்தது. தெரிவித்த பின்னர் ஏற்படுவது பாங்கியைச் சார்ந்தது. இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுபவை; இன்றைய நிலையைத் தத்தம் பாங்கிக் கிளையில் கேட்டறிந்துகொள்க.

5. நாம் செய்ய வேண்டுவன

(அ) பின்புறத்து எண், பின் எண், ஓ.டி.பி. ஆகியவற்றைப் பாங்கி ஊழியர் என்று சொல்பவரிடமும் கூறலாகாது. உண்மையான ஊழியர் கேட்கமாட்டார்.

(ஆ) இணையவழிச் செலவு, வெளிநாட்டுச் செலவு, தொட்டுச் செலுத்தும் வசதி ஆகியவற்றை வேண்டும்போது திறக்கவும் வேண்டாதபோது மூடவும் உரிமை உண்டு. இது ரிசர்வ் பாங்கி 2020-இல் செய்த ஏற்பாடு. பயன்படுத்தாதவற்றை மூடி வைப்பதே நலம்.

(இ) பணம் எடுக்கத் தெரியாத மூத்தோரும் பெண்டிரும் அட்டையையும் பின் எண்ணையும் அயலாரிடம் கொடுத்தனுப்புகின்றனர். அவர்களுக்கு ஏ.டி.எம். இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொடுப்பது சங்கத்தின் கடமை. எண்ணைத் தாமே வைத்திருந்து உதவுவது கடமையன்று.

(ஈ) கூலி வரவு வைக்கக் கணக்கு எண்ணும் கிளைக் குறியீடும் போதும். அட்டையின் நகலைச் சங்க அலுவலகமும் கேட்கலாகாது.

(உ) பணம் போயிற்று என்று அறிந்தவுடன் பாங்கியை அழைத்து அட்டையை முடக்கச் செய்க. புகார் எண்ணைக் குறித்துக்கொள்க. அரசாங்கத்தின் 1930 என்னும் எண்ணிலும் உடனே தெரிவிக்கவும். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க நேரம் மிகச் சிறிதே.

ஒரு சேலைக்குரிய கூலி பல நாள் உழைப்பின் பயன். ஒரு போகத்து நெல் விலை பல மாத உழைப்பின் பயன். அதனை மூன்று இலக்கங்களால் இழந்துவிடாதிருக்க, ஒவ்வொரு சங்கமும் இப்பாடத்தை அடுத்த கூட்டத்தில் உரக்கப் படித்து விவாதிக்குமாறு வேண்டுகிறோம்.

வினாக்கள்

1. முன்புறத்து எண்ணின் கடைசி இலக்கத்தை எவரும் கணக்கிடலாம். பின்புறத்து எண்ணைக் கணக்கிட இயலாது. ஏன்?

2. 2604135 என்னும் இலக்கங்களுக்குச் சரிபார்ப்பு இலக்கம் யாது?

3. நம் சங்க அலுவலகத்தில் அங்கத்தினரின் அட்டை நகல்கள் உள்ளனவா? இருப்பின் அவற்றை என் செய்வது?