சாப்பாட்டு மணி

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் ஒரு தமிழ்ப் பள்ளி இருக்கிறது. காலையில் பிள்ளைகள் அங்கே படிக்கப் போகிறார்கள். மாலையில் தாய்மார்கள் நம் வளர்கல்வி வகுப்புக்கு வருகிறார்கள். பலரும் வீட்டு வேலை செய்பவர்கள். சேலம், விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

ஒரு நாள் கடிகாரம் பார்க்கும் பாடம் நடந்தது. "எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள்? எத்தனை மணிக்கு மதியச் சாப்பாடு? இரண்டையும் எழுதுங்கள்" என்றேன். ஓர் அக்கா 6 என்று எழுதினார். அடுத்த எண்ணை எழுதவில்லை.

"ஏன் அக்கா?" என்றேன்.

"நாலு வீடு முடிஞ்சாத்தான் சோறு, டீச்சர். ஒரு நாள் ரெண்டு மணி. ஒரு நாள் நாலு மணி. எதை எழுதறது?"

வகுப்பில் யாரும் பேசவில்லை. அந்த அக்காவின் கேள்விக்காகத்தான் இந்தப் பாடம். சாப்பிட நேரம் வேண்டும் என்ற குறையிலிருந்து ஒரு சங்கமே பிறந்தது. இது நடந்த கதை.

பின்னி மில்

சென்னை பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரண்டு பெரிய பஞ்சாலைகள் இருந்தன. மக்கள் அவற்றைப் பின்னி மில் என்பார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை செய்தார்கள். பஞ்சாலையில் ஆண்களை ஒரு நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று 1911-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது.

நடுப்பகலில் சாப்பிட அரை மணி நேரம். கை கழுவ வேண்டும். இடம் பிடித்து உட்கார வேண்டும். சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டும். அரை மணி போதவில்லை.

தனியாகப் போய்க் கேட்டால் என்ன ஆகும்? வேலை போகும். அதனால் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பகுதியில் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இரண்டு வணிகர்கள் இருந்தார்கள். தொழிலாளர்கள் அவர்களிடம் தங்கள் குறைகளைச் சொன்னார்கள். அவர்கள் வாடியா என்பவரைப் போய்ப் பார்த்தார்கள். வாடியா பம்பாய்க்காரர். அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' பத்திரிகையில் இருந்தவர். 'தேசபக்தன்' ஆசிரியர் திரு.வி.க.வும் துணைக்கு வந்தார்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா தலைவர். நம் நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வார்கள்.

கடல் கடந்தும் இதே கதை

நம் நாட்டில் மட்டும்தான் இந்த நிலைமையா? இல்லை. ஆலைகள் வேகமாக வந்த இடங்களில் எல்லாம் சட்டம் மெதுவாகத்தான் வந்தது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஒரு தையல் ஆலை இருந்தது. 1911 மார்ச் 25 அன்று அங்கே தீப்பிடித்தது. வெளியே போகும் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

ஊர் கொதித்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஆலைகளுக்குப் புதிய சட்டங்கள் வந்தன. பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண் அந்தத் தீயைக் கண்ணால் பார்த்தவர். 1933-ல் அவர் அந்த நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சர் ஆனார். குறைந்தபட்சக் கூலிக்கும் வேலை நேர வரம்புக்கும் 1938-ல் சட்டம் வரப் பாடுபட்டார்.

சங்கத்தின் மேல் வழக்கு

மறுபடியும் சென்னைக்கு வருவோம். 1920-ல் ஆலை நிர்வாகம் கதவை அடைத்தது. வாடியா மீதும் சங்கத்தார் மீதும் உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. அப்போது சங்கத்தைக் காக்கச் சட்டம் எதுவும் இல்லை. சமரசம் பேசியபோது வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டி வந்தது.

1921-ல் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. துப்பாக்கிச் சூடும் நடந்தது. தொழிலாளர்களுக்குள்ளேயே சாதிப் பிளவு உண்டானது. அதனால் போராட்டம் தோற்றது. ஒற்றுமை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது கசப்பான பாடம்.

ஆனாலும் கேள்வி சாகவில்லை. அதே 1921-ல் என்.எம். ஜோஷி என்ற தலைவர் மத்திய சட்டசபையில் அதை எழுப்பினார். அந்தச் சபை கூடியது நம் தில்லியில்தான். இன்று தில்லி சட்டப்பேரவை இருக்கும் கட்டடம் அது. ஐ.என்.ஏ. நிலையத்தில் மெட்ரோ ஏறினால் விதான் சபா நிலையத்தில் இறங்கலாம்.

1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு செய்த சங்கத்தின் மேல் அப்படி வழக்குப் போட முடியாது என்று ஆனது. 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும். இந்தச் சட்டங்களின் இடத்தில் 2020-ல் புதிய தொகுப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

நம் வீட்டு வேலைக்கு?

பாடத்தைக் கேட்ட அக்கா உடனே கேட்டார்: "இந்தச் சட்டம் எங்களுக்கும் உண்டா, டீச்சர்?"

உண்மையைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைச் சட்டம் தொழிற்சாலைக்குத்தான். வீட்டு வேலைக்கு அது பொருந்தாது. தமிழ்நாட்டில் 2007-ல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைந்தது. உலகத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் வீட்டுப் பணியாளர்களுக்காகத் தனி உடன்படிக்கை செய்தது. வழி திறந்திருக்கிறது. போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.

அடுத்த வாரம் ஒரே தெருவில் வேலை செய்யும் மூன்று பேர் சேர்ந்து பேசி முடிவு செய்தார்கள். "ஒரு மணிக்கு அரை மணி நேரம் சாப்பிடப் போகிறோம்" என்று அவரவர் வீடுகளில் ஒரே நாளில் சொன்னார்கள். சில வீடுகளில் சரி என்றார்கள். ஒரு வீட்டில் முகம் சுளித்தார்கள். ஆனால் யாருக்கும் வேலை போகவில்லை.

அன்று மாலை அந்த அக்கா நோட்டைத் திறந்தார். விடுபட்ட இடத்தில் 1 என்று எழுதினார்.

கலந்து பேசுவோம்

1. பின்னி மில் தொழிலாளர்கள் ஏன் தனித்தனியாகக் கேட்கவில்லை?
2. 1921 போராட்டம் ஏன் தோற்றது?
3. உங்கள் வேலையில் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் நேரம் உண்டா? இல்லை என்றால் யாரோடு சேர்ந்து கேட்கலாம்?

எழுதிப் பழகுவோம்

சங்கம், சட்டம், கூலி, ஓய்வு, உரிமை, ஒற்றுமை

உங்கள் ஒரு நாள் வேலையை நேரம் போட்டு எழுதுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள்.