அச்சில் ஏறிய வம்சமும் பத்திரத்தில் இருக்கும் வம்சமும்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பூர்வீகம் தேடுகிறவர்கள், கிடைத்தற்கரிய பழைய சரித்திரப் புத்தகத்தின் ஜெராக்ஸ் கைக்கு வந்ததும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் தேடல் அங்கேதான் தொடங்க வேண்டும்.

நம்பிக்கை: பழைய புத்தகத்தில் ஊர்ப்பெயர் இருக்கிறது, எனவே நாங்கள் பாளையக்காரர் வம்சம்.

உண்மை: 1799 போரில் கட்டபொம்மன் பக்கம் நின்றதற்காகக் கிழக்கிந்தியக் கும்பினியார் பறித்த பாளையங்களில் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. அந்தப் போரின் கதையை பிஷப் கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் படிக்கலாம். ஆனால் அது பாளையத்தின் கதை. அந்த மண்ணில் உழுதவர், கணக்கு எழுதியவர், காவல் காத்தவர் வீட்டுப் பெயர்களை அதில் எதிர்பார்க்க முடியாது. கும்பினி அதிகாரி காலின் மெக்கன்சி திரட்டிய பாளையப்பட்டு வம்சாவளிகளைப் படிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கும் அருமையான செல்வம் அது. ஆனாலும் அவற்றில் பேசுவது பெரும்பாலும் பாளையக்காரர் தரப்பு. தங்கள் உரிமையையும் மரியாதையையும் நிலைநாட்ட வேண்டிய காலத்தில் சொன்ன வரலாறு. ஆதித் தலைமுறைகளில் வரும் வீரச்செயல்களைக் கதையாகப் போற்றுவோம். சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்பிக்கை: ராமநாதபுரம் ஜில்லா புத்தகங்களில் தேடியாயிற்று, எதுவும் மிஞ்சவில்லை.

உண்மை: இந்தப் பக்கத்துச் சாத்தூர் தாலுகா 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. பிறகு ராமநாதபுரம், 1985 முதல் விருதுநகர். ஆகவே 1879-ல் வந்த ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி மாவட்டக் கையேட்டைப் புரட்டுங்கள். ஆங்கில ஆவணங்களில் ‘ழ’ படாத பாடு பட்டிருக்கிறது. ஊர்ப்பெயரை நாலைந்து எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பாருங்கள். சாதிப்பெயரும் மாறும்: நாடார் என்ற பெயரை அரசு ஏற்றது 1921-ல்தான். அதற்கு முந்தைய பதிவுகளில் அந்தப் பெயரை மட்டும் தேடினால் தாத்தாவே கிடைக்க மாட்டார்.

நம்பிக்கை: ஓலையில் வருஷம் தெளிவாக இருக்கிறது, பிறகென்ன?

உண்மை: ‘சித்தார்த்தி வருஷம்’ என்று ஒரு வீட்டு ஓலையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் சித்தார்த்தியில்தான். உடனே நம் ஓலையையும் அந்தப் போரோடு முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் 60 வருஷச் சுற்றில் 1859-ம் சித்தார்த்தி, 1919-ம் சித்தார்த்தி. இந்தச் சீமையில் கொல்லம் ஆண்டும் வழங்கியது. அதுவும் எழுதியிருந்தால் பிழைத்தோம். 975 என்றால் 1799-ல் தொடங்கிய ஆண்டு, 1035 என்றால் 1859-ல் தொடங்கியது. இரண்டு தலைமுறை வித்தியாசம்!

நம்பிக்கை: நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, ஆதாரம் எங்கே இருக்கப்போகிறது?

உண்மை: சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. 1860-களின் நடுவிலிருந்து பதிவான பத்திரங்களில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்றே ஆளை அடையாளம் காட்டுவார்கள். அதிலும் பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்துவிட்டால் அதிர்ஷ்டம். அண்ணன் தம்பிகள், செத்துப்போன தம்பியின் விதவை, மைனர் பிள்ளைகள், அவர்களுக்குக் கார்டியனாக நிற்கும் தாயார், நான்கெல்லையில் பக்கத்து நிலக்காரரான பெரியப்பா மகன் என்று ஒரு குடும்பமே அந்தப் பக்கங்களில் நிற்கும். யாரையும் பெருமைப்படுத்த எழுதியதல்ல, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்க்க எழுதியது. அதனால்தான் நான் அதை வம்சாவளியைவிட அதிகம் நம்புகிறேன். கிறிஸ்தவக் குடும்பங்கள் பழைய சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். 1860-க்குப் பின் நேட்டாலுக்குக் கூலியாகப் போன முன்னோர் இருந்தால், கப்பல் பட்டியல்களில் தகப்பன் பெயரும் ஊரும் பதிவாகியிருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊர் இது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். மனைவி பெயரும் நில எல்லையும் சேர்ந்து பொருந்தினால்தான் அவர் உங்கள் ஆள். ஆகவே தேடிப் புறப்படும் முன் ஆச்சிமார்களின் பெயர்களையும், அவர்கள் பிறந்த ஊர்களையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்திலும் அச்சாகாதவை அவை.