கவுன்டரில் நிற்பவர் கவனத்துக்கு

அக்டோபர் 1 மாலை. மறுநாள் காந்தி ஜெயந்திக்குக் கடை மூடியிருக்கும் என்பதால் டாஸ்மாக் கடை முன் வரிசை நீள்கிறது. வரிசையில் ஒருவர் பெரிய பையோடு வந்து, ஒரே சரக்கில் நாற்பது குவாட்டர் கேட்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் விடிகாலையில் பிளாக்கில் விற்கப்போவது அந்தப் பாட்டில்களைத்தான். இப்படிக் கள்ள விற்பனைக்குப் போகும் சரக்கு யாரோ ஒரு விற்பனையாளரின் கையைத் தாண்டித்தான் வெளியே போகிறது. தடுக்கக்கூடிய முதல் ஆளும் அவரே.

எனவே கணக்கு தெரிந்திருக்க வேண்டும். உரிமம் இல்லாத தனிநபர் வைத்துக்கொள்ளக்கூடிய பிராந்தி, விஸ்கி வகைகளின் அளவு 4.5 லிட்டர். 180 மில்லி குவாட்டரில் சொன்னால் 25 பாட்டில். அதற்கு மேல் கேட்டால் “இவ்வளவுதாண்ணே கொடுக்க முடியும், ரூல் அப்படி” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். வாக்குவாதம் வேண்டாம். ஆள் முறைத்தால் மேற்பார்வையாளரிடம் அனுப்பிவிடுங்கள். கடை நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரை. 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. பார்த்தால் சிறுவனாகத் தெரிந்தால் ஆதார் கேட்பதில் தயக்கமே கூடாது.

சிக்கல் பெரும்பாலும் வெளியாளிடமிருந்து வருவதில்லை. ஷட்டர் இறக்கும் நேரத்தில் பக்கத்து பார் ஆள் வந்து இரண்டு பெட்டி கேட்பார். “மேலே பேசியாச்சு” என்பார். அந்தப் பெட்டி பிடிபட்டால் மேலே பேசியவர் வரமாட்டார், கவுன்டரில் நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். 2003-இல் அரசே சில்லறை விற்பனையை எடுத்துக்கொண்டதிலிருந்து இந்தக் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்குத் தொகுப்பூதியம்தான். இன்று 23,000-க்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். காலமுறை ஊதியமும் பணிப் பாதுகாப்பும் இல்லாத இவர்களுக்குக் காகிதம்தான் துணை. நாள், நேரம், கேட்டது யார், எவ்வளவு என்று அன்றைக்கே குறித்துவையுங்கள். மாவட்ட மேலாளருக்குக் கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்ன புகார் விசாரணையில் நிற்காது.

இன்னொன்று. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே தவிர்த்துவிடுங்கள். அதுவும் விதிமீறல்தான். அதை வாங்கிப் பழகியவரால் பார் ஆளை எதிர்த்து வாய் திறக்க முடியாது. அவருடைய பலவீனம் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

பெட்டிக்கடையிலோ மளிகைக் கடையிலோ வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு எச்சரிக்கை. முதலாளி கல்லாவுக்குக் கீழே பாட்டில் ஒளித்து வைத்து உங்களை விற்கச் சொன்னால், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் விற்ற கைக்கும் வழக்கு உண்டு. மாதச் சம்பளத்துக்காக அந்த வழக்கைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கள்ள விற்பனை பற்றிய புகாரை எங்கே சொல்வது? கட்டணமில்லா எண் 10581. அவசரம் என்றால் 100. அம்பத்தூர்வாசிகள் குழம்பும் இடம் ஒன்று உண்டு: 2018 முதல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் 2022 முதல் காவல் நிலையம் ஆவடி ஆணையரகத்தின் கீழ். ஆகவே ஆட்சியரிடம் மனு என்றால் சென்னை, காவல்துறைக்கு என்றால் ஆவடி. ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு ஆட்சியர் அலுவலகம் திருவள்ளூர்தான். தெரு, அடையாளம், விற்கும் நேரம் மூன்றையும் சொன்னால் போதும். போனை நீட்டிப் படம் எடுக்கப் போகாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, தொழிற்சாலைகளில் ஸ்டோர் பார்க்கிறவர்களுக்கு. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் விஷச் சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால். அது எங்கிருந்து போனது என்று தேடிய காவல்துறை, அம்பத்தூருக்குப் பக்கத்திலேயே உள்ள வானகரத்தின் ரசாயனத் தொழிற்சாலை வரை வந்து நின்றது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் அதே மெத்தனால்தான். உங்கள் ஸ்டோரில் மெத்தனால் டிரம் இருந்தால், வந்த லிட்டரும் செலவான லிட்டரும் ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள். குறைந்தால், எழுத்தில் சொல்லுங்கள். நிர்வாகம் அசையவில்லை என்றால் 10581-க்கு அழையுங்கள்.