வானில் புகையும் மின்கலம்

விடுமுறைக்குத் தமிழகம் செல்லும் கிள்ளான் நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு: "பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போட்டு, சரக்கறைக்கு அனுப்பிவிட்டால் பாதுகாப்புதானே?" இல்லை. ஏன் என்பதைச் சென்னைக்குப் பறந்த ஒரு விமானமே நமக்குக் கற்பிக்கிறது.

2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் சென்ற இண்டிகோ விமானத்தில், இருக்கைக்கு மேலுள்ள பெட்டகத்திலிருந்து புகை கிளம்பியது. உள்ளே இருந்த ஒரு சாம்சுங் நோட் 2 கைப்பேசியே காரணம். பணியாளர்கள் அருகிலிருந்தோரை இடம் மாற்றினர், தீயணைப்பானைப் பயன்படுத்தினர், பின்னர் கைப்பேசியைக் கழிவறையில் நீர் நிரப்பிய கலனில் இட்டனர். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

தீயணைப்பான் இருக்க, நீர் எதற்கு? லித்தியம் அயனி மின்கலம் நசுங்கினாலோ, உற்பத்தியிலேயே குறையிருந்தாலோ உள்ளே குறுக்குச்சுற்று ஏற்படலாம். அதில் எழும் வெப்பம் வேதிவினையைத் தூண்ட, அவ்வினை மேலும் வெப்பத்தைப் பெருக்கும். விமானத் தீயணைப்பான் சுடரை அடக்கும். மின்கலத்தைப் போதிய அளவு குளிர்விக்காது. ஆகவே நீரோ, மது கலவாத பானமோ ஊற்ற வேண்டும். ஐஸ் கட்டியால் மூடக்கூடாது. வெப்பம் உள்ளேயே தேங்கிவிடும்.

இனி நண்பர்களின் கேள்விக்கு வருவோம். சரக்கறையில் புகைந்தால் யார் பார்ப்பது? யார் நீர் ஊற்றுவது? இதனால்தான் பவர் பேங்க் கைப்பையில் இருக்க வேண்டும் என்பது விதி. 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவில் ஏர் பூசான் விமானம் எரிந்தபோது, பவர் பேங்க் மீதே ஐயம் எழுந்தது. விமானம் தரையில் இருந்ததால் 176 பேரும் தப்பினர். அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல், பவர் பேங்கை மேல் பெட்டகத்தில் வைப்பதையும் பயணத்தில் பயன்படுத்துவதையும் மலேசியா ஏர்லைன்ஸ் தடை செய்தது.

பிரிக்பீல்ட்ஸில் பவர் பேங்க் வாங்கும்போதே கணக்கிடுங்கள். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 20 × 3.7 = 74 வாட்-மணி. 100 வரை எடுத்துச் செல்லலாம். 30,000 என்றால் 111. விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். உப்பிப்போனது எதுவாயினும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கைப்பேசி இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்காதீர்கள், பணியாளரை அழையுங்கள். பொருள் சூடேறினால், "நம்மால் வந்த வினையாயிற்றே" என்று கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். உடனே குரல் கொடுப்பதே உடன் பயணிப்போர்க்கு நாம் செய்யும் பேருதவி.