வார்ப்பிரும்புக் கல்லைப் பழக்கும் முறை

பச்சைத் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடும் பழைய முறையில் ஒரு நியதி உண்டு. எடுத்த எடுப்பிலேயே வீரியம் மிக்க சாற்றில் தோலை இறக்கிவிட்டால் மேற்புறம் சட்டென்று இறுகிப்போய், உட்புறம் பச்சையாகவே நின்றுவிடும். ஆகையால் முதலில் நீர்த்த சாறு, பிறகு அதைவிடச் சற்றுக் கெட்டியான சாறு என்று, ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்குப் படிப்படியாகத் தோலை மாற்றிக்கொண்டே செல்வார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த இந்த ஞானம், அதே ஊர்களின் அடுப்படியில் இருக்கும் வார்ப்பிரும்புக் கல்லுக்கும் அப்படியே பொருந்துகிறது. உருது பேசும் வீடுகளில் அதற்குத் தவா என்று பெயர். தமிழ் பேசும் வீடுகளில் தோசைக்கல். பெயர் எதுவாயினும் அதன் சுபாவம் ஒன்றுதான்: மெல்ல மெல்லப் பழகும், அவசரப்படுத்தினால் கெடும்.

வாங்கும்போதே சிரத்தை வேண்டும். தகட்டிரும்பை வெட்டிச் செய்த மெல்லிய கல் வேறு, உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி எடுத்த வார்ப்புக் கல் வேறு. வார்ப்பிரும்பில் கரிச்சத்து நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் கலந்திருப்பதால் அது வளைவதில்லை, உடையும். கையில் தூக்கிப் பார்த்துக் கனத்தை அறிந்தபின், விரல் கணுவால் விளிம்பைத் தட்டிப் பாருங்கள். நாதம் நீண்டு ஒலித்தால் நல்லது, ‘பொத்’தென்று அடங்கினால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். மேற்பரப்பில் மணல் பொரிந்தாற்போல் சிறிது சொரசொரப்பு இருப்பது குற்றமன்று. எண்ணெய் பற்றுவதற்கு அது உபகாரமாகவே இருக்கும்.

வீட்டுக்கு வந்த புதுக் கல்லைச் சோப்பு நீரில் தேங்காய் நார் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு வடித்த கஞ்சியிலோ அரிசி கழுவிய நீரிலோ ஓர் இரவு ஊறவைத்துக் காலையில் மீண்டும் தேய்த்தால், கரிய பொடி பெரும்பாலும் கழன்றுவிடும். மூன்று நாள், நாள்தோறும் நீரை மாற்றி ஊறவைக்கும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. என் அனுபவத்தில் ஓர் இரவே போதும், அதற்குமேல் ஊறினால் துருவுக்கு இடம் கொடுத்தவர்களாவோம்.

இனிப் பழக்குதல். கழுவிய கல்லை ஈரம் அறவே வற்றும்வரை சிறு தீயில் காயவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயைப் பருத்தித் துணியில் தொட்டு மேலும் கீழும் பிடியும் உட்பட எங்கும் பூசுங்கள். பூசிய பிறகு வேறொரு உலர்ந்த துணியால், பூசிய எண்ணெய் முழுவதையும் துடைத்து எடுத்துவிடுவதுபோலவே துடையுங்கள். இந்த இரண்டாவது துடைப்பில்தான் காரியத்தின் ஜீவன் இருக்கிறது. அப்படியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் தங்கியிருக்கும். மிதமான தீயில் லேசாகப் புகை எழுந்து அடங்கும்வரை, ஏறக்குறைய கால் மணி நேரம் வைத்தால், அந்தப் படலம் உஷ்ணத்தாலும் காற்றாலும் எண்ணெய்த் தன்மை நீங்கி இரும்போடு ஒட்டி இறுகிவிடும். பின்னர் தானாக ஆறவிட வேண்டும். இவ்விதம் ஐந்து முறை செய்தால் சாம்பல் நிறக் கல் முதலில் பழுப்பாகி, பிறகு கறுக்கத் தொடங்குவதைக் கண்ணாலேயே காணலாம். ஒரே முறையில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் காய்ச்சினால் என்ன ஆகும்? விரல் வைத்தால் பலாப்பிசின்போல் ஒட்டும். வீரியச் சாற்றில் இறங்கிய தோலின் கதிதான். தேங்காய் எண்ணெய் இந்த இறுகும் குணம் குறைந்தது என்பதால் இதற்கு ஏற்றதன்று.

பழக்கிய மறுநாளே தோசை வார்க்க ஆசைப்பட வேண்டாம். முதல் வாரம் வெங்காயம் வதக்குவது, மீன் வறுப்பது, ஆட்டுக்கறிச் சுக்கா என்று எண்ணெய் சேர்ந்த சமையலுக்கே கல்லைப் பயன்படுத்துங்கள். தோசை தொடங்கும் நாளில், கல் காய்ந்து தெளித்த நீர்த்துளி முத்தாக உருண்டோடும் பதத்தில், பாதியாக அரிந்த வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு மாவை ஊற்றலாம். முதல் இரண்டு தோசை ஒட்டினால் மனம் தளர வேண்டியதில்லை. சப்பாத்திக்கு மட்டும் வேறு கல் வைத்துக்கொள்வது உத்தமம். எண்ணெயின்றி வெறுங்கல்லில் சுடும்போது படலம் காய்ந்து, மாவும் தீய்ந்து படிந்துவிடுவதால், மறுநாள் தோசை எழும்பாது.

புளி இதற்குப் பகை. ஆம்பூர்ப் பிரியாணிக்குத் துணையாக வரும் கத்தரிக்காயில் புளி சேருமாதலால், அதை இந்தக் கல்லில் வதக்கிக் கொதிக்கவிட்டால் பல நாள் பாடுபட்டு ஏற்றிய கறுப்பு ஒரே வேளையில் கரைந்து, குழம்பிலும் இரும்பு வாடை வீசும். அதற்கு மண்சட்டி இருக்கிறது.

கழுவும் முறை எளிது. சூடு சற்றே தணிந்ததும் தோசைத் திருப்பியால் ஒட்டியதைச் சுரண்டி, வெதுவெதுப்பான நீரில் நாரால் தேய்த்தால் போதும்; மென்மையான சோப்பு சிறிது பட்டாலும் குற்றமில்லை. கொதிக்கும் கல்லின்மீது குளிர்ந்த நீரை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். என் தாயார் முப்பது ஆண்டுகள் ஆண்ட கல்லொன்றை நான் அவசரத்தில் அடுப்பிலிருந்து எடுத்து அப்படியே குழாயில் காட்டினேன். ‘டப்’ என்றொரு சத்தம், விளிம்பிலிருந்து நடுவரை மயிரிழைபோல் ஒரு கோடு. அந்த வருத்தம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

கழுவியபின் உலர்த்துவதில் நம் பிரதேசத்தார்க்கு விசேஷமான எச்சரிக்கை தேவை. தோல் கழிவுநீர் பல்லாண்டுகள் பாலாற்றுப் படுகையில் இறங்கியதால் இங்கே பல கிணறுகளில் நீர் உவர்த்துவிட்டது. அந்த அநியாயத்தை விசாரித்து உச்ச நீதிமன்றமே 1996-இல் தீர்ப்பு வழங்கியது. உப்பு நீர் இரும்பை வெகு சீக்கிரம் அரிக்கும். ஆகவே இரவில் தொட்டியில் ஊறப்போடுவது, ஈரத்தோடு கவிழ்த்து வைப்பது இரண்டும் கூடாது. துடைத்து, இரண்டு நிமிஷம் அடுப்பில் காட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி எடுத்து வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, பரணில் கிடந்து செந்துரு ஏறிய பாட்டி காலத்துக் கல்லொன்று உங்கள் வீட்டில் இருக்கலாம். பகையென்று சொன்ன புளியே அப்போது மருந்தாகும்: கெட்டியாகக் கரைத்த புளியையும் கல்லுப்பையும் பூசி, அரை மணி கழித்துத் தேய்த்தால் துரு விட்டுப்போகும், உடனே நன்றாகக் கழுவிக் காயவைத்து, முன் சொன்ன எண்ணெய்ப் பூச்சை முதலிலிருந்து தொடங்குங்கள். தட்டிப் பார்த்து நாதம் நீண்டு ஒலிக்கும் வரையில், அதைப் பழைய இரும்புக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.