பாறுகளை அழித்த மருந்து

‘பாறு’ என்னும் சொல் நம்மில் பலருக்கு இன்று புதியதாகத் தோன்றலாம். ஆனால் அது பழந்தமிழ்ச் சொல்லே. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சிறிது அருவருப்போடு குறிப்பிடும் பறவைக்குப் பழம் புலவர்கள் வழங்கிய பெயர்கள் பாறு, எருவை என்பன. போர்க்களப் பாடல்களில் இப்பறவையைக் காணலாம். நம் மாணவர் சங்க இதழுக்கு ஏதேனும் எழுதித் தருமாறு நண்பர்கள் கேட்டபோது, விலங்கியல் பயிலும் நான் இதனைப் பற்றியே எழுத எண்ணினேன். நாம் பிறப்பதற்குச் சற்று முன்னர், நாம் இன்று வந்து பயிலும் இந்த வட இந்தியாவில், இப்பறவைக்கு நேர்ந்த கதி ஒவ்வொரு மாணவரும் அறிய வேண்டிய பாடமாகும்.

இந்தியாவில் ஒன்பது வகைப் பாறுகள் உண்டு. அவற்றுள் வெண்முதுகுப் பாறு, 1980-களில் உலகிலேயே மிகுதியாகக் காணப்பட்ட பெரிய வேட்டைப் பறவை என்று கருதப்பட்டது. இறந்த மாடுகளை ஊர்ப்புறத்தில் போட்டுவிடுவது வடநாட்டு வழக்கம். பாறுகள் கூட்டமாக இறங்கிச் சிறிது நேரத்தில் எலும்பை மட்டும் விட்டுச் செல்லும். இவற்றின் வயிற்று அமிலம் மிக வலியது. பிற உயிர்களைக் கொல்லும் நோய்க் கிருமிகள் பலவும் அதில் மடிந்துவிடும். கூலி கேளாத துப்புரவுப் பணியாளர் என்று பாறுகளைச் சொன்னால் மிகையாகாது.

ராஜஸ்தானத்திலுள்ள பரத்பூர்ப் பறவைகள் காப்பகத்தில், 1980-களின் பிற்பகுதியில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட வெண்முதுகுப் பாறு இணைகள் கூடு கட்டின. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அவற்றில் பெரும்பகுதி மறைந்ததைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் கண்டு அறிவித்தார். நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்புகள் இதனினும் கொடிய செய்தியைக் கூறின. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு அழிந்துவிட்டன. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்றே எஞ்சியது! தென்னாடும் இதற்குத் தப்பவில்லை. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் வந்து அமுது உண்ட இரு பறவைகளும் மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தவை. 1990-களின் இறுதியில் அவையும் வருவதை நிறுத்தின.

காரணம் யாது? தொற்றுநோயாக இருக்கலாம் என்று முதலில் ஐயுற்றனர். உண்மை 2004-ல் வெளிப்பட்டது. லிண்ட்சே ஓக்ஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும் பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்து, டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம் என்று காட்டினர். நோயுற்ற மாட்டுக்கு இம்மருந்து ஊசி வழியாகச் செலுத்தப்படும். மாடு சில நாட்களில் இறந்துவிட்டால் மருந்து அதன் உடலில் தங்கியிருக்கும். அவ்விறைச்சியைத் தின்ற பாறின் சிறுநீரகம் பழுதடைகிறது. வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உடலில் தேங்கி, உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் படிகிறது. சில நாட்களில் பறவை இறக்கிறது. உழைத்த மாட்டின் வலியைத் தணிக்க உழவன் செய்த உதவி, அவன் அறியாமலே வானத்துப் பறவைக்கு நஞ்சாயிற்று.

இதைப் படித்தபோது என்னைத் திடுக்கிடச் செய்தது ஒரு கணக்கு. இத்துணைப் பேரழிவுக்கு எத்தனை பிணங்களில் நஞ்சு இருந்திருக்க வேண்டும்? நூற்றில் ஒன்றுக்கும் குறைவான பிணங்களில் இருந்தாலே போதும் என்று ஆராய்ச்சியாளர் கணித்தனர். ஏனெனில் ஒரு பிணத்தைப் பல பாறுகள் பகிர்ந்துண்ணும். ஒரு பாறு ஆண்டு முழுதும் பல பிணங்களை நாடிச் செல்லும். அன்றியும், பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, இழப்பு சிறிது கூடினாலும் அதனை ஈடுசெய்ய அவ்வினத்தால் இயலாது.

பாறுகள் போனால் நமக்கென்ன என்று சிலர் கேட்கக் கூடும். உண்பாரற்ற பிணங்கள் அழுகின; தெருநாய்கள் பெருகின; வெறிநாய்க்கடியின் அச்சமும் வளர்ந்தது. இறந்தோர் உடலைப் பாறுகளுக்கு அளிக்கும் மரபினரான மும்பைப் பார்சிகள், சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கருவிகளை நாட வேண்டியதாயிற்று. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்ததற்குப் பாறுகளின் மறைவு காரணமாயிற்று என்று ஃபிராங்க், சுதர்சன் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் மதிப்பிட்டுள்ளனர்.

இனி, மீட்பு முயற்சிகளைக் காண்போம். 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. அதற்கு மாற்றாக மெலாக்சிகாம் என்னும் மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்யாதது என்று கண்டனர். எனினும் மனிதருக்கென விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்கும் பயன்பட்டு வந்தன. ஆதலால் 2015-ல் ஒரு குப்பியின் அளவு 3 மில்லிலிட்டருக்கு மிகலாகாது என்று அரசு விதித்தது. அதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் அவ்விதியை நிலைநிறுத்தியது. பாறுகளுக்குக் கேடு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகிய மருந்துகளும் 2023-ல் கால்நடை மருத்துவத்தினின்று விலக்கப்பட்டன. ஹரியானாவிலுள்ள பிஞ்சோரில் பாறுகளைக் கூண்டில் வளர்த்து இனம் பெருக்குகிறார்கள். அங்கு வளர்ந்த வெண்முதுகுப் பாறுகள் சில 2020-ல் காட்டில் விடப்பட்டன. தமிழகத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டி வாழ்கின்றன.

நண்பர்களே, மேலே கூறிய கணக்கை மறவாதீர்கள். நூற்றில் ஒன்றே கொல்லப் போதுமாயின், நூற்றில் தொண்ணூறு பேர் மட்டும் கைக்கொள்ளும் சட்டம் பாறுகளைக் காவாது. ஒரு மருந்தைத் தடுக்கப் பல்லாண்டு பிடித்தது; அதற்குள் அதே தன்மையுள்ள வேறு மருந்துகள் கடைக்கு வந்துவிட்டன. பறவை இறந்த பின் ஆராய்வதை விட்டு, மருந்து விற்பனைக்கு வருமுன்பே அதனை ஆராய வேண்டும். நம்முள் மருந்தியல் பயில்வோர் உளர். கால்நடை மருத்துவமும் சட்டமும் பயில்வோரும் உளர். இப்பணி அவர்களுடையது. மற்றையோர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நம் வீட்டு மாட்டுக்கு எந்த ஊசி போடுகிறார்கள் என்றாவது கேட்டறியலாம். டைக்ளோஃபெனாக் என்று விடை வந்தால், மெலாக்சிகாம் உண்டென்று எடுத்துச் சொல்லுங்கள்.